கடுகும் கண்ணீரும்

திருப்பாலைக்குடிக் கரையில் ஒரு விடியலில், வலையில் சிக்கிய நண்டை ஒரு அக்கா எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெடுக்கென்று இழுத்தால் நண்டின் காலும் முறியும், நூலும் அறும். எந்த வழியாகச் சிக்கியதோ அதே வழியாகத் திருப்பி எடுத்தார். அவருக்கு எதிரே இன்னொருவர் வலையைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகாத நேரம். ‘எங்களுக்கு ஏன் இப்படி?’ என்ற கேள்வி உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சிக்கலை அவிழ்க்கும் இரண்டு வழிகள் நினைவுக்கு வந்தன: ஒன்று பௌத்தம், மற்றது கிறிஸ்தவம்.

செத்த பிள்ளையைச் சுமந்து வந்த கிசா கோதமியிடம், சாவு விழாத வீட்டில் கடுகு வாங்கி வரச் சொன்னார் புத்தர். வீடு வீடாக ஏறி இறங்கியவள் வெறுங்கையோடு திரும்பினாள். துக்கத்தின் வேர் வேட்கை என்பது அவர் போதனை. அதை அறுக்க எண்வழிப் பாதை உண்டு. நடக்க வேண்டியவர் அவரவரே. நண்பன் லாசருவின் சாவுக்கு அழுதவர்களைக் கண்டபோது இயேசு விளக்கம் சொல்லவில்லை, தாமும் அழுதார். பிறகு சிலுவையில் தாமே துன்பத்துக்குள் இறங்கினார். கிறிஸ்தவத்தில் மீட்பு அருளாகக் கிடைப்பது.

இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். ஒன்று பற்றை விடச் சொல்கிறது. மற்றது அன்பின் பிடி சாவிலும் அறாது என்கிறது. ஒன்றின் முடிவு பிறவி ஓய்வது; மற்றதன் முடிவு உயிர்த்தெழுவது.

ஆனால் பற்றை விடுவது கல்நெஞ்சம் ஆகாது. இந்தக் கடலுக்கு அப்பால் உள்ள நயினாதீவைத்தான் பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் வரும் மணிபல்லவம் என்பார்கள். அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரம் கையிலிருந்தும், உண்ண வேறு ஆளில்லாத அந்தத் தீவில் தான் மட்டும் உண்ண மனமில்லாமல் பட்டினி கிடந்து உயிர்விட்டான் ஆபுத்திரன். இங்கிருந்து வடக்கே ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று கிறிஸ்தவத் துறவி அருளானந்தர் வெட்டுண்டு இறந்தார். அவர் இரத்தம் தோய்ந்தது என நம்பி அங்குள்ள செம்மண்ணை இன்றும் மக்கள் அள்ளிச் செல்கிறார்கள். தங்கள் வலியை யாருடைய வலியோடு சேர்த்து வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் கடுகைப் பற்றிப் பேசக்கூடாது. முதலில் கூட உட்கார்ந்து அழ வேண்டும். அழுது ஓய்ந்தபின் கடுகு தேடிப் போகத்தான் வேண்டும். நானும் போனேன். தெருவில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மாலை போட்ட படம் இருந்தது. இத்தனை நாள் அவை என் கண்ணில் படவே இல்லை. கடுகு கிடைக்கவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள்.