கருதலளவையும் சிசுவின் சுவாசமும்

பிறர் ஆறென்றும் பத்தென்றும் எண்ணிய பிரமாணங்களையெல்லாம் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். பதி, பசு, பாசங்களை ஆராயப் புகுவோர்க்கு வகுத்த அந்த அளவைகளை நான் இங்கே எடுத்துக் கொள்வது, பசறை, மடூல்சீமைத் தோட்டங்களிலிருந்து இரவிலே பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்படும், மூச்சிரைக்கும் சிசுவின் பொருட்டு.

அந்தச் சிசுவின் நெஞ்சிலிருப்பது பாக்டீரியாவால் வந்த நியூமோனியாவா, வைரசால் வந்த நோயா என்று ஐயுறும் வைத்தியர், ஒரு துளி இரத்தத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார். 1930இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்திலே டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் நியூமோனியா நோயாளரின் குருதிநீரிலே கண்டறிந்ததும், பின்னர் சி.ஆர்.பி. எனப் பெயர் பெற்றதுமாகிய புரதம் அச்சாட்சிகளுள் மூத்தது. 1993இல் பிரெஞ்சு வைத்தியர்கள் கிருமி பரவிய குழந்தைகளிடம் மிகுந்திருக்கக் கண்ட புரோகால்சிடோனின் இளையது. இவை கிருமியின் உறுப்புகளல்ல. கிருமியை எதிர்க்கும் உடலின் கிளர்ச்சியால் எழுபவை. ஆதலால் இவற்றைக் கொண்டு கிருமியை அறிவது காண்டலன்று, கருதல் எனப்படும் அநுமானமே.

மலையிற் புகை கண்டு நெருப்பை அநுமானிக்கலாம் என்ற தருக்க நூலார், புகைக்கும் நெருப்புக்குமுள்ள வியாப்தி எங்கும் பிறழாமையையே அதற்கு ஆதாரமாகக் கொண்டனர். சி.ஆர்.பி.க்கு அத்தகைய வியாப்தி இல்லை. அடினோவைரசும் அதனை வெகுவாக உயர்த்தும். உடலில் வேறெங்கேனும் உண்டான அழற்சியும் உயர்த்தும். மறுபுறம், பழுக்கக் காய்ச்சிய இரும்புண்டையில் நெருப்புண்டு, புகையில்லை என்று அந்நூலாரே எச்சரித்தனர். ஈரல் இப்புரதத்தைச் சுரந்து பெருக்கச் சில மணி நேரம் வேண்டியிருத்தலின், நோயின் தொடக்கத்திலேயே எடுத்த இரத்தத்தில் அளவு தாழ்ந்திருப்பது கொண்டு நோயில்லை என்று நிச்சயிப்பது அந்த உண்டையைக் கையால் தொடுவதை ஒக்கும். சிகிச்சை பலிக்கிறதா என்று தொடர்ந்து பார்ப்பதற்கு இவ்வெண்கள் பெரிதும் உதவும் என்பதை மறுக்கவில்லை. தனித்து நின்று தீர்ப்புரைக்கும் தகுதியையே மறுக்கிறேன். வாத மண்டபத்திலே ஏது பொய்த்தால் வாதி தோற்பான். இங்கே துன்புறுவது, பேச அறியாத ஒரு ஜீவன்.

காண்டலுக்கோ தோட்டத்து டிஸ்பென்சரியிலும் இடமுண்டு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தை நிமிஷத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ, ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ளது 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விடுமாயின் நியூமோனியாவை எண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. அதற்கு வேண்டுவது ஒரு கடிகாரமும், முழு நிமிஷம் பொறுமையாக எண்ணும் கண்ணுமே.

எஞ்சியது உரை. சித்தாந்திகள் அதனை மெய்யுணர்ந்த ஆப்தரின் வாக்கென்றனர். நோயுற்ற சிசுவின் விஷயத்தில் அதன் தாயையும், அவள் கொழுந்தெடுக்கப் போன வேளையிலே பிள்ளைக்காம்பராவில் அதனைப் பார்த்துக்கொண்ட பெண்ணையும் ஆப்தர் என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. "ராத்திரி பூரா பால் குடிக்கலீங்க ஐயா" என்று லயத்திலிருந்து வந்த தாய் சொல்லும் வாக்கை, இரத்தத்தின் எண் தாழ்ந்திருக்கிறதென்று தள்ளிவிடுவோர், பாலருந்த மாட்டாமையை அபாயக் குறிகளின் வரிசையிலே வைத்த அதே விதியையும் தள்ளியவராவர்.