தீப்பெட்டியும் விசுவாசமும்



மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னே எங்கள் வீட்டுக்கு ஜெபத்துக்கு வந்த ஒரு சகோதரி, சமையல் மேடைக்கு மேலே பரணில் இருந்த வாளியைப் பார்த்து, "அதுல என்னக்கா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். பெயிண்ட் அடிக்கிற தம்பி ஒருவர் கொடுத்த மூடி போட்ட பழைய பெயிண்ட் வாளி அது. இறக்கிக் காட்டினேன். தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, டார்ச், மாத்திரை, ரேஷன் கார்டு நகல், கொஞ்சம் சில்லறைப் பணம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மெதுவாக, "இவ்வளவு எதுக்குக்கா? கர்த்தர் பாத்துக்க மாட்டாரா?" என்றாள்.

அவள் கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் ஒரு காலத்தில் இதே கேள்வியை நானும் மற்றவர்களிடம் கேட்டவள். இரட்சிக்கப்பட்ட புதிதில், நாளைக்கென்று எடுத்துவைப்பது அவிசுவாசம் என்று யாரோ பிரசங்கித்ததைக் கேட்டு அப்படியே பிடித்துக்கொண்டேன். வீட்டில் ஒரு குச்சி மெழுகுவர்த்திகூட வைத்ததில்லை. இல்லாமைக்கு விசுவாசம் என்று பேர் வைத்துக்கொள்வது எத்தனை சுலபம் என்று இப்போது தெரிகிறது.

2011 டிசம்பர் 29 ராத்திரி. மறுநாள் விடியற்காலையில்தான் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. ஆனால் பொம்மையார்பாளையத்தில் எங்களுக்கு ராத்திரியே எல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது. கரண்ட் போயிற்று. கூரை ஒழுகி, வீட்டில் இருந்த ஒரே தீப்பெட்டி ஈரமாகிவிட்டது. ஒரு குச்சிகூடப் பற்றவில்லை. மூன்று வயது மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. அலமாரியைத் துழாவி இரண்டு பாட்டில் கையில் எடுத்தேன். ஒன்று காய்ச்சல் மருந்து, இன்னொன்று பேன் மருந்து. எது எது என்று தெரியாமல் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் கை நடுங்குகிறது.

ஜெபிக்கவில்லையா என்றால், ஜெபித்தேன். கர்த்தர் கேட்டார். பிள்ளை பிழைத்தாள். ஆனால் விடிந்தபிறகு எனக்குள் ஒரு கேள்வி எழும்பிற்று. காற்றை அடக்குவது தேவனுடைய வேலை. தீப்பெட்டியை நனையாமல் வைப்பதும் அவருடைய வேலையா?

கரண்ட் வர நாள் கணக்காயிற்று. வீட்டுக்காரர் கடலுக்குப் போகவில்லை. அரிசிக்கும் கூரைக்கும் 2,000 ரூபாய் வட்டிக்கு வாங்கினோம். அதைக் கட்டி முடிக்க ஆறு மாதம் ஆயிற்று.

நான் பிறந்தது மரக்காணம். அப்பா உப்பளத்தில் கூலி. வெயில் காலத்தில் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து, மழைக்கு முன்னே கீற்றோ ஓலையோ போட்டு மூடுவார்கள். மூடாமல் விட்டால் பாடுபட்டதெல்லாம் ஒரே மழையில் கரைந்து வந்த இடத்துக்கே போய்விடும். உப்பு அம்பாரத்துக்கு ஓலை போடுகிறவனைப் பார்த்து யாரும் அவிசுவாசி என்று சொன்னதில்லை. அப்படியிருக்க, என் வீட்டுக்கு நான் போடும் ஓலை மட்டும் எப்படி அவிசுவாசம் ஆகும்?

ஆனாலும், பிரியமானவர்களே, சேர்ப்பதெல்லாம் சரி என்றும் சொல்லிவிட முடியாது. வனாந்தரத்தில் மன்னா பெய்த சரித்திரத்தை எண்ணிப்பாருங்கள். சொன்னதை மீறி மறுநாளைக்கென்று வைத்தவர்களுடைய மன்னாவில் புழு பிடித்தது. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்க்கும்படி கட்டளையே இருந்தது. அன்றைக்கு எடுத்துவைத்தது கெடவில்லை. அதே மன்னாதான், அதே கூடாரம்தான். தேவனை நம்பாமல் பயந்து பதுக்கியது நாறிற்று, அவர் சொன்ன வேலையாகச் செய்தது நின்றது. நாளையைக் குறித்துக் கவலைப்பட வேண்டாம் என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் போதித்ததையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பவளுக்குக் கவலை குறைவு. இல்லாதவள்தான் ராத்திரி முழுக்கக் கவலைப்படுகிறாள்.

அந்த வருஷம் வாரம் 10 ரூபாயில் ஆரம்பித்தேன். இப்போது 20. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வர ஆரம்பித்தபின் அதிலும் 50 எடுத்து வைத்தேன். ஒரேயடியாக வாங்க எங்களுக்கு வசதியில்லை. ஒரு வாரம் மெழுகுவர்த்தி, ஒரு வாரம் பஞ்சும் கட்டுத்துணியும் என்று சேர்ந்ததுதான் எல்லாம். தீப்பெட்டி ஒன்று 2 ரூபாய். அதைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடிவிட்டேன், எந்தக் கடற்காற்றும் அதைத் தொடுவதில்லை. பணத்தை 500 ரூபாய் நோட்டாக வைத்தால் ராத்திரியில் எந்த ஆட்டோக்காரரிடமும் சில்லறை இருக்காது. ஆகவே எல்லாம் 50-ம் 100-மாக வைத்திருக்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, பால் கவரைக் கழுவிக் காயவைத்து அதற்குள் மடித்துப்போட்டேன். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி, அந்த ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தபோது உயிர் தப்பி, காகிதத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, நான் இன்னார்தான் என்று நிரூபிக்க அலைந்தவர்களை இந்தக் கரையில் கண்டிருக்கிறோம்.

வாங்கவே வேண்டாதது தெரிந்துகொள்வது. இதற்குக் காசு இல்லை. வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து அடிக்கடி கொடுக்க வேண்டும். உப்பைக் கூட்டிப் போட்டால் குழந்தைக்கு ஆபத்து. உப்பு விளைகிற ஊர்க்காரி சொல்கிறேன், அரை டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். கொதிநீர் கொட்டிவிட்டால் இங்க்கும் பேஸ்ட்டும் தடவாமல், பத்து இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906-க்கு போன் செய்ய வேண்டும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. பாம்பு கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108. "ஜெபம் பண்ணினா போதாதா?" என்று கேட்கிறவர்களுக்கு, வண்டியில் போகும்போது ஜெபிக்க யாரும் தடை சொல்வதில்லை. இந்த நம்பர்களோடு மாவட்டப் பேரிடர் எண் 1077-ஐயும், நம் தெரு ஆட்டோக்காரர் நம்பரையும் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறேன். வீட்டுக்காரர், "சுவரை அசிங்கம் பண்ணிட்டே" என்றார். அப்புறம் அவரே தன் சிநேகிதருக்கு அதைப் பார்த்து நம்பர் சொன்னார்.

இன்னொன்று. தேதி போட்டு வருகிறதை அவசரம் என்று சொல்லலாமா? விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். உப்பளத்துக்கு மழைக்காலம் முழுதும் தடைக்காலம்தான். இதெல்லாம் திருடனைப்போல வருவதில்லை, காலண்டரில் அச்சடித்து வருகிறது. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாம் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகிறது. அந்த 1,500-ஐயும் ஒரு மாதத் தவணை விட்டுவிட்டு அப்புறம் அழுகிறோம். வருஷம் 20 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு பேங்கிலேயே இருக்கிறது. கடலுக்குப் போகிற ஆண்பிள்ளை உள்ள வீட்டில் அந்த 20 ரூபாயைக் கட்டாமலிருக்க எந்த வசனத்தையும் காரணம் காட்ட வேண்டாம்.

இதுவரை எழுதியது சுலபம். இனி எழுதப்போவது சுலபமல்ல.

2020 நவம்பர் 25. நிவர் புயல் அன்று நள்ளிரவுக்குமேல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. சாயங்காலம் ஏழு எட்டு மணி இருக்கும், பக்கத்து வீட்டுத் தங்கச்சி நனைந்துகொண்டு வந்தாள். அவள் நம் சபை அல்ல, கோவிலுக்குப் போகிறவள். மாமியாருக்கு மூச்சு வாங்குகிறது, காலாப்பட்டு வரைக்கும் போக ஆட்டோ 500 கேட்கிறது. "அக்கா, இருந்தா குடுங்கக்கா, ரெண்டு நாள்ல தந்துடறேன்." வாளியில் சரியாக 500 இருந்தது. புயல் வருகிறது, என் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று நினைத்தேன். "இல்லம்மா" என்றேன்.

கொடுக்க முடியாது என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. இல்லை என்று பொய் சொன்னேன். அவள் காலில் கிடந்த கொலுசைக் கழற்றி ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த அம்மா பிழைத்து மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். அடுத்த வாரம் என் சின்ன மகன், ஆறு வயது, அவள் வீட்டில் விளையாடும்போது, "எங்க வாளியில நிறையப் பணம் இருக்கே" என்று சொல்லியிருக்கிறான். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

நான் எனக்குள் புத்தியுள்ள கன்னிகைகளைச் சொல்லிக்கொண்டேன். அவர்களும் கேட்டவர்களுக்கு எண்ணெய் கொடுக்கவில்லையே, ஆண்டவர் அவர்களைக் குற்றப்படுத்தவில்லையே. ஆனால் மனசு சமாதானப்படவில்லை. அந்த எண்ணெயைப் பங்கு போட்டிருந்தால் எல்லா விளக்கும் பாதி வழியில் அணைந்திருக்கும். என் 500 ரூபாய் அப்படிப்பட்டதா? அந்த ராத்திரி அதற்கு என் வீட்டில் ஒரு வேலையும் வரவில்லை. அவசரத்துக்கென்று வைத்தேன். அவசரம் வந்து வாசலில் நின்று கேட்டது. என் வீட்டு அவசரம் அல்ல என்பதால் அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

பிறகு ஒருநாள் நல்ல சமாரியன் உவமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷம் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. அந்த மனுஷன் கையில் எண்ணெய் இருந்தது, திராட்சரசம் இருந்தது, அடிபட்டவனை ஏற்ற வாகனம் இருந்தது, சத்திரக்காரனிடம் கொடுக்க இரண்டு காசும் இருந்தது. முதலுதவி, ஆம்புலன்ஸ், கைப்பணம், எல்லாம் அவனிடம் இருந்ததே! அடிபட்டுக் கிடக்கிறவனுக்காக என்று யாரும் மூட்டை கட்டிப் புறப்படுவதில்லை. தன் பிரயாணத்துக்குத்தான் எடுத்து வைத்திருப்பான். இரக்கம் மட்டும் இருந்து எண்ணெய் இல்லாமலிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பான். எண்ணெய் இருந்து இரக்கம் இல்லாமலிருந்தால், அன்றைக்கு என்னைப்போலப் போயிருப்பான்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைத் தொட்டு, நகராமல் நின்று கொட்டிற்று. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இருட்டுவதற்கு முன்னே ஒரு பையில் இரண்டு தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒரு படி அரிசி, 200 ரூபாய் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு இருந்துச்சு. இல்லன்னு பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். மழைச் சத்தத்தில் நான் வேறு ஏதாவது சொன்னாலும் கேட்டிருக்காது. பிறகு பையிலிருந்து தீப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, "அரிசி இருக்குக்கா, எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

எல்லாவற்றையும் பங்கு போடுவதில்லை. வீட்டுக்காரருக்கு இப்போது சர்க்கரை. அவருடைய பத்து நாள் மாத்திரை தனியாக ஒரு டப்பாவில் இருக்கிறது. அதை யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன், கொடுக்கமாட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்வேன். அது கன்னிகைகளின் எண்ணெய். மற்றதெல்லாம் சமாரியனுடையது. "இப்படிக் குடுத்தா வாளி காலியாயிடும்" என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. எதுவரைக்கும் கொடுப்பது என்று எனக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை.

போன மாதம் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று 300 ரூபாய் வாங்கிப்போனாள். இன்னும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. வாரம் 20 போட்டு நிரப்பிக்கொண்டு வருகிறேன். நேற்று எண்ணினபோது 80 ரூபாய் சேர்ந்திருந்தது.