தனித்திருப்பதும் தனித்து விடப்படுவதும்



‘தனிமை’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவதை அரபி மொழி பல சொற்களால் பிரித்துக் காட்டுகிறது. இறைவனை நினைப்பதற்காக மக்களை விட்டு நாமே விரும்பி ஒதுங்குவது ‘கல்வத்’. துணையின்றி ஒற்றையாக நிற்பவர் ‘ஃபர்த்’. ஆறுதலுக்கு ஆளில்லாமல் மனம் மருண்டு வாடுவது ‘வஹ்ஷத்’. காட்டு விலங்கைக் குறிக்கும் ‘வஹ்ஷ்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

நபி (ஸல்) அவர்களுக்கு வஹீ வருவதற்கு முன் தனிமை விருப்பமாக்கப்பட்டது. உணவை எடுத்துக்கொண்டு ஹிரா குகைக்குச் செல்வார்கள். பல இரவுகள் வணக்கத்தில் கழிப்பார்கள். அது கல்வத். ஆனால் முதல் வஹீ வந்த அன்று, இதயம் நடுங்க எங்கே வந்தார்கள்? வீட்டிற்கு, கதீஜா (ரலி) அவர்களிடம்! போர்த்திவிடச் சொன்னார்கள், அந்த அம்மையார் அருகிலிருந்து ஆறுதல் சொன்னார்கள். தனிமையை நேசித்தவருக்கும் ஒரு துணை தேவைப்பட்டது.

முதுமையடைந்த ஜக்கரிய்யா (அலை) அவர்கள், தம்மை ஒற்றையாக விட்டுவிட வேண்டாம் என்று ரப்பிடம் கையேந்தினார்கள். அங்கே வருவது ‘ஃபர்த்’ என்ற சொல் (அல்குர்ஆன் 21:89). அந்த துஆவை அல்லாஹ் ஈமானின் குறையாகக் கருதவில்லை. யஹ்யா (அலை) அவர்களைக் கொடுத்தான்.

இப்போது நம் வீட்டைப் பாருங்கள். வயதான உம்மா உள்ளறையில் தஸ்பீஹுடன் இருக்கிறார். “அவங்க நிம்மதியா திக்ரு செய்றாங்க” என்று கதவைச் சாத்திவிட்டு வருகிறோம். அது அவர் தேடிய கல்வத்தா? நாம் கொடுத்த வஹ்ஷத்தா? தஸ்பீஹ் மணி உருளும் சத்தத்தை வைத்து நாம் எப்படி முடிவு செய்தோம்? ஒருநாளாவது அருகில் உட்கார்ந்து கேட்டோமா?

சகோதரர்களே! மறுமையில் ஒவ்வொருவரும் ஒற்றையாகவே அவனிடம் வருவோம் என்கிறது குர்ஆன் (19:95). அங்கேயும் அதே ‘ஃபர்த்’தான். அந்த நாள் வருமுன், இன்று ஜுமுஆ முடிந்து வீடு திரும்பியதும் அந்தக் கதவைத் திறங்கள். கையில் இருக்கும் போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போய் உட்காருங்கள்.

நம் தனிமையைத் தன் நினைவால் நிரப்பி, பிறர் தனிமையைப் போக்கும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.