பல மரம் கண்ட தச்சன்

‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்று சொல்லித்தான் வடிவமைப்புத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளை நம் பெரியவர்கள் எச்சரிக்கிறார்கள். டிசைன் செய்வதென்றால் அதை மட்டும் செய்; தூரிகையும் கேமராவும் பத்திக்கும் உனக்கு எதற்கு என்கிறார்கள். வயிற்றுப்பாட்டை நினைத்துச் சொல்லும் அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தச்சன் மீதுள்ள குறை, அவன் ஒரு மரத்தையும் வெட்டவில்லை என்பதுதான். பல மரம் பார்த்ததில் என்ன குற்றம்? எந்த மரம் எப்படிப் பிளக்கும் என்று தெரிந்தவன் கோடரியை வைக்கும் இடமே வேறாக இருக்கும்.

கற்பிட்டிக் குடாநாட்டின் பள்ளிவாசல்துறையில் வளர்ந்த எனக்கு ஒரே கைத்தொழிலோடு நிற்பவர்களைக் கண்ட நினைவு குறைவு. அந்தக் குடாநாட்டுக்கு ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. சோளகக் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஒருவர் களப்புக்குப் போவார், இன்னொருவர் வெங்காயத் தோட்டத்தில் இறங்குவார். அறுந்த வலையைத் தானே பொத்தத் தெரிந்தவர், வலை எங்கே கிழியும் என்று அறிந்து அதை விரிப்பார். ஒரு வேலையில் கற்றது இன்னொரு வேலையில் கை கொடுப்பதை இந்த ஊரில் யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் வடிவமைப்புத் தொழிலில் இதை எனக்கு விளங்கவைத்தது பெயர்ப்பலகை எழுதும் தூரிகை. கணினித் திரையில் எழுத்தை ஒன்றரை அடி தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். கடைப் பலகையை, ஓடும் பஸ்ஸில் இருப்பவர் வாசிக்க வேண்டும். ‘ண’, ‘ன’ இரண்டையும் தட்டைத் தூரிகையால் எழுதிப் பார்த்தால் சிக்கல் உடனே தெரியும். சுழிக்குள் இருக்கும் வெளியைக் குறுக்கினால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கறுப்புக் கட்டி. பழைய பலகை எழுத்தாளர்கள் சுழியின் வயிற்றைத் திறந்து விடுவார்கள். கோட்டின் பருமனைக் கொஞ்சம் குறைப்பார்கள். தூரிகை பழகிய பிறகு நான் கணினியில் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாறிவிட்டது. முதலில் எழுத்துக்குள் உள்ள வெளியைத்தான் பார்க்கிறேன்.

நம் மாவட்டத்தில் ஒரு பதாகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரும்; பள்ளிவாசல் நிகழ்வென்றால் அறபும் சேரும். சிங்கள எழுத்து உருண்டையானது. உயிர்க்குறிகள் மேலும் கீழும் இடம் கேட்கும். தமிழில் சொற்கள் நீளும். அந்த நீளத்தைச் சமாளிக்கத் தமிழ் வரியைச் சிறிதாக்கிவிடுவது நாடெங்கும் காணும் வழக்கம். மூன்றையும் கையால் எழுதிப் பழகிய ஒருவருக்கு அதைச் செய்ய மனம் வராது. ஒவ்வோர் எழுத்தும் கேட்கும் இடம் கைக்குத் தெரிந்துவிட்டதால், அளவைக் குறைக்காமல் வரியை வேறுவிதமாக மடிப்பார். ஒரு மொழியின் மரியாதை இப்படியும் காப்பாற்றப்படுகிறது.

ஒரு கலையில் கற்றது இன்னொன்றில் கை கொடுப்பதற்கு இலங்கையிலேயே பெரிய முன்னுதாரணம் லக்கி சேனாநாயக்க. 1937இல் பிறந்து 2021இல் மறைந்த அவர், கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் அலுவலகத்தில் படவரைஞராக இருந்தவர். அங்கே அவரும் இஸ்மெத் ரஹீமும் வரைந்த கட்டடப் படங்களில் மரம் என்றால் வெறும் வட்டம் அல்ல; இலையும் கிளையும் தெரிய, இன்ன மரம் என்று சொல்லும்படி இருக்கும். அதே லக்கி, பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவோடு சேர்ந்து துணி வடிவங்கள் செய்தார். ஓவியம் தீட்டினார், உலோகத்தில் சிற்பம் செய்தார். 1979இல் வெளிவந்த நாணயத்தாள் வரிசையில் தலைவர் எவருடைய முகமும் இல்லை. இலங்கையின் பறவைகளும் விலங்குகளும் செடிகொடிகளும் இருந்தன. அவற்றை வரைந்தது லக்கியின் கை. கோட்டே நாடாளுமன்றச் சபையில் ஓலைகளாக விரியும் சரவிளக்கும், கண்டலம ஹோட்டல் படிக்கட்டில் சிறகு விரித்து நிற்கும் பெரிய ஆந்தையும் அவருடையவைதான். இலையை இலையாகப் பார்த்த ஒரே கண்தான் வரைபடத்திலும் பணத்தாளிலும் உலோகத்திலும் வேலை செய்திருக்கிறது.

பாவாவின் கதையும் அப்படித்தான். சட்டம் படித்து வழக்கறிஞரானவர், 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்க என்ற றப்பர் தோட்டத்தை வாங்கினார். அதைத் தன் மனம்போல் மாற்றி அமைக்க முனைந்தபோது, அதற்கான தொழில்நுட்ப அறிவு போதவில்லை என்று உணர்ந்து படிக்கப் போனார். 1957இல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. அவருடைய கட்டடங்களில் முற்றமும் மரமும் நீரும் பிறகு ஒட்டவைத்தவையாகத் தெரியாததற்குக் காரணம், அவர் கட்டடத்துக்கு முன்பே தோட்டத்தைப் பழகியவர் என்பதே.

பத்திக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது. எனவே வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். பிறகு மென்னிறத்திலிருந்து கடுநிறத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும். சாயத்தில் தோய்ந்த துணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. கணினியில் எல்லாவற்றையும் ஒரு விசையில் திருப்பி எடுத்துவிடலாம் என்பதால் நாம் முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுகிறோம், காலி இடத்தைக் கண்டால் நிரப்பப் பார்க்கிறோம். எதை விடுவது என்பதை முதலில் யோசிக்கும் பழக்கத்தைப் பத்திக் போல வேறொன்று கற்றுத்தருமா தெரியவில்லை.

இன்று கல்யாண அழைப்பிதழைக் கைப்பேசிச் செயலியில் யாரும் சில நிமிடங்களில் செய்துகொள்ளலாம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மென்பொருளை இயக்குவது மட்டுமே திறமை என்றிருந்தவர்களுக்கு இனிக் கடினமான காலம். பொருளோடு பழகிய கையும், ஊரைப் பார்த்துப் பழகிய கண்ணும், மொழியின் நெளிவு சுளிவு தெரிந்த காதும் இருந்தால் வாடிக்கையாளர் தேடி வருவார்.

எல்லாவற்றையும் தொட்டுவிட்டு நகர்வதை நான் பரிந்துரைக்கவில்லை. முதல் தொழில் ஊன்றி நிற்கும் வரை பொறுத்திருங்கள். பிறகு அதில் எங்கே தடுமாறுகிறீர்களோ, அந்தத் தடுமாற்றத்துக்கு மருந்தாகும் இரண்டாவது கலையைத் தேர்ந்தெடுங்கள். நிறம் வசப்படாதவர் சாயம் தோய்க்கட்டும். எழுத்து வசப்படாதவர் தூரிகை எடுக்கட்டும். சொல்ல வந்தது தெளிவாக வராதவர் நாலு பத்தி எழுதிப் பார்க்கட்டும். கற்றதை வைத்து உண்மையில் தேவைப்படும் ஒருவருக்கு ஒரு வேலையைக் கடைசிவரை முடித்துக் கொடுங்கள். அதை அவர் பயன்படுத்தும்போதுதான் அந்தக் கலை உங்களுடையதாகிறது.