வாங்கும் முன் ஒரு மழைக்காலம்

வாடகைக்கு இருப்பவர் தெரு பிடிக்காவிட்டால் முன்கூட்டியே சொல்லி, அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கலாம். சொந்த வீட்டில் அது நடக்காது. தமிழ்நாட்டில் கிரயம் பதிய முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மறுபடி வீடு மாறினால் மறுபடி அதே செலவு.

அப்படியிருந்தும் சென்னையில் பலர் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்க்கும் அளவுக்குத் தெருவைப் பார்ப்பதில்லை.

தென்சென்னையின் மழைநீர் வடிந்து சேரும் தாழ்நிலம் பள்ளிக்கரணை சதுப்புநிலம். அதன் பெரும்பகுதி கட்டடங்களாகிவிட்டது. மிஞ்சியதற்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. தண்ணீர் மட்டும் பழைய வழியை மறக்கவில்லை. 2015 டிசம்பரில் வேளச்சேரியும் முடிச்சூரும் வெள்ளத்தில் தவித்தன. 2023இல் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தெருக்களில் மீண்டும் படகு ஓடியது. இடையில் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, நகரமே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது.

வில்லங்கச் சான்றும் பட்டாவும் அவசியம்தான். ஆனால் வெள்ளம் எதுவரை வந்தது என்று அவற்றில் இருக்காது. தெருமுனையில் இஸ்திரி போடுபவர் சொல்வார். காம்பவுண்டுச் சுவரில் இடுப்பளவில் ஓடும் பழுப்புக் கறையும் சொல்லும்.

வாய்ப்புள்ளவர்கள் வாங்க நினைக்கும் பேட்டையிலேயே முதலில் வாடகைக்குக் குடிபோவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையையும் ஒரு சித்திரை வெயிலையும் அங்கே பார்த்துவிட்டு, அதன் பிறகு டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கலாம்.