மனோவாகு கேட்ட கேள்வி



நீதித் தலைவர்கள் நூலின் 13ஆம் அதிகாரத்தில், பிறக்கப்போகும் மகன் எப்படி வாழ வேண்டும் என்று மனோவாகு வானதூதரிடம் கேட்கிறார். தூதரோ, மனோவாகின் மனைவி எதை உண்ணக்கூடாது, எதைக் குடிக்கக்கூடாது என்று பதில் சொல்கிறார். பிள்ளையைப் பற்றிக் கேட்ட தகப்பனை, தாயின் சாப்பாட்டைக் கவனி என்று திருப்பிவிட்டார்.

நம் ஆரணியில் முகூர்த்த மாதம் நெருங்கினால் தறி ஓயாது. வாயும் வயிறுமாக இருப்பவளும் உட்கார்ந்து தறிக்கான நூலைத் தாராகச் சுற்றுகிறாள். காலையில் வெறும் டீ. மற்றவர்கள் சாப்பிட்டு மிஞ்சியதுதான் அவளுக்கு. தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. இரத்தம் குறைந்த உடம்பு, பிரசவத்தில் இரத்தப்போக்கு வந்தால் தாங்காது. இது எனக்குப் பெரிய வேதனை.

நம் பாட்டிமார் வைத்த கூழை நினைத்துப் பாருங்கள். கேழ்வரகு மாவை இரவே கரைத்து வைப்பார்கள். காலையில் புளித்து, மேலே சின்னச் சின்னக் குமிழி கட்டியிருக்கும். நொய்யை வேகவிட்டு அந்த மாவை ஊற்றிக் கிண்டி, ஆறியதும் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு கொடுப்பார்கள். தானியத்திலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புளிக்கும்போது அது குறைவதால் இரும்பு உடம்பில் சேர வழி பிறக்கிறது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் ஏராளம். இதை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டு பாக்கெட் மாவுக்குக் கடன் வாங்குகிறோமே! ஆடி மாதம் தெருவெல்லாம் கூழ் மணக்கிற ஊர் இது.

ஆனாலும் கூழ் மருந்தாகாது. சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரையோடு டீ குடித்தால் சத்து வீணாகும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் வேறு வேறு நேரத்தில் போடட்டும். கூழோ பழையதோ, பானை சுத்தமாக இருக்க வேண்டும்; வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூழின் அளவை மருத்துவரிடம் கேட்கட்டும்.

மாமியார்மாரே, கூழின் முதல் சொம்பை மருமகளுக்குக் கொடுங்கள். நெசவாளர்களே, உங்கள் மனைவி சாப்பிட்டு எழும்வரை தார் காத்திருக்கட்டும். புடவை ஒருநாள் தள்ளிப்போனால் முதலாளியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.