கேள்விக்குச் சார்பு உண்டு, விடைக்கு?

கொங்கு வட்டாரத்து நூற்பாலைகளில் பரவிய சுமங்கலித் திட்டம் இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். ஆலை விடுதியில் தங்கி மூன்று ஆண்டு வேலை பார்க்கும் பெண்ணுக்கு, கெடு முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு ஆகட்டும் என்று முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கொடுப்பதாகச் சொன்னார்கள். 2011-இல் நெதர்லாந்தின் இரு தன்னார்வ அமைப்புகள் இதை உழைப்புச் சுரண்டல் என்று அறிக்கையிட்டன. இப்படி ஓர் அறிக்கை வந்தால் ஆலைத் தரப்பிலிருந்து வழக்கமாக வரும் மறுப்பு, இது ஒருதலைப்பட்சமான ஆய்வு என்பதுதான்.

அந்த மறுப்பை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆலைக்குள் அனுமதி கிடைக்காத ஆய்வாளர், வேலையை விட்டு ஊர் திரும்பிய பெண்களைத்தான் சந்திக்க முடியும். மனம் வெறுத்துப் பாதியில் வந்தவர்கள் அவர்களில் அதிகம் இருக்கக்கூடும். நிர்வாகத்தின் அனுமதியோடு உள்ளே போகிறவருக்கோ, நிர்வாகம் அழைத்து வரும் பெண்கள்தான் கிடைப்பார்கள். வார்டன் பக்கத்தில் நிற்கும்போது “சாப்பாடெல்லாம் எப்படி?” என்று கேட்டால், “நல்லா இருக்குதுங்க” என்பதைத் தவிர என்ன பதில் வரும்? இரண்டு ஆய்விலும் அட்டவணை இருக்கும், சதவீதம் இருக்கும். பொய் எழுதியவர் யாரும் இல்லை. ஆனாலும் உண்மை இரண்டாகப் பிளந்து நிற்கும்.

ஆலை வரைக்கும் போக வேண்டியதில்லை. கோவை ஆர்.எஸ்.புரத்தில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி டம்ளர் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறதா என்று ஒருவர் ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். கூடத்தில் உட்கார்ந்து வீட்டுக்காரரிடம் கேட்டால், “அதெல்லாம் அந்தக் காலங்க” என்று முடித்துவிடுவார். அதே கேள்வியை வேலைக்கு வரும் பெண்ணிடம், அவருடைய வீட்டு வாசலில் வைத்துக் கேட்டால் வேறு பதில் வரலாம். அந்த இரண்டாவது வாசலுக்குப் போக வேண்டும் என்ற முடிவு எந்தப் புள்ளிவிவரத்திலிருந்தும் பிறப்பதில்லை. அவருடைய சொல்லுக்கும் மதிப்புண்டு என்ற விழுமியத்திலிருந்து பிறக்கிறது.

ஜெர்மானிய சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904-இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சிக்கலைப் பிரித்துக் காட்டினார். எதை ஆராய்வது என்பதை நம் விழுமியங்கள் தீர்மானிக்கின்றன. என்ன கண்டோம் என்பதை அவை தீர்மானிக்கக் கூடாது. சொல்ல எளிது. ஆனால் யாரிடம் கேட்பது, எங்கே வைத்துக் கேட்பது என்ற இடைவெளியில் அந்தக் கோடு அழிந்துபோகிறது.

எண்களும் இந்த இடத்தில் காப்பாற்றுவதில்லை. மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதி வாரியாக மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில் அந்த அளவுகள் அச்சேறின. அளவு சரியாகவே இருந்திருக்கலாம். மூக்கின் அகலத்தில் மனிதரின் தரம் தெரியும் என்ற அந்தக் காலத்து இனக் கொள்கைதான் தவறு. துல்லியம் வேறு, புறவயம் வேறு.

அப்படியானால் எல்லா ஆய்வும் சார்பானதுதான், அவரவர் கட்சிக்கு அவரவர் ஆய்வு என்று விட்டுவிடலாமா? கேட்க முற்போக்காக இருந்தாலும், இந்த வாதத்தால் லாபம் வலுத்தவனுக்குத்தான். ஆலை முதலாளிக்கு வக்கீல் உண்டு, சங்கம் உண்டு, விளம்பரம் உண்டு. விடுதியில் இருக்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு இருக்கும் ஒரே பிடிமானம், தன் நிலைமையை யாராவது சரிபார்க்கக்கூடிய உண்மையாக எழுதிவைப்பது. ‘எல்லாமே கருத்துதான்’ என்று ஆகிவிட்டால் அதுவும் போய்விடும்.

நேர்மையான வழி ஒன்று உண்டு. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அதைக் காட்டினார். தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றுக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் இட்டு அவர் எழுதிய நூல் 1965-இல் வெளிவந்தது. அக்ரஹாரத்தில் தங்கியிருந்ததால் ஆதிதிராவிடர்களோடு தாராளமாகப் பழக முடியவில்லை, அவர்களைப் பற்றிய தன் தகவல் குறைவுதான் என்று அந்த நூலிலேயே சொல்லிவிட்டார். எந்தத் திண்ணையிலிருந்து ஊரைப் பார்த்தார் என்பது தெரிவதால், அவர் சொல்வதில் எதை எவ்வளவு ஏற்பது என்று வாசகர் நிறுத்துப் பார்க்க முடிகிறது. ஆய்வாளர் தம் விழுமியங்களை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்று சுவீடன் பொருளியலாளர் குன்னார் மிர்தால் வலியுறுத்தியதும் இதற்காகத்தான்.

ஆனால் நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டாலே பாவம் தீர்ந்துவிடாது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் பற்றி 2004-இல் நூல் வெளியிட்ட ஷரத் சாரியிடம், கவுண்டர் சமூகத்து முதலாளிகள் தங்கள் வெற்றிக்குக் காரணம் உழைப்பு என்றே சொன்னார்கள். அவர் அதைப் பெருமைப் பேச்சு என்று ஒதுக்கவில்லை, வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லில் எவருடைய உழைப்பு சேர்ந்தது, எவருடையது விடுபட்டது என்று தேடிப்போனார். தாம் விரும்பும் முடிவைக் கெடுக்கக்கூடிய சாட்சியையும் தேடிப்போவது ஆய்வாளரின் கடமை.

ஆகவே சமூகவியல் விழுமியமற்றதாக இருக்க முடியாது. ஆனால் புறவயமாக இருந்தே ஆக வேண்டும். சுமங்கலித் திட்டத்தைச் சுரண்டல் என்று நம்பும் ஆய்வாளர், அந்தப் பணத்தில் தங்கையைப் படிக்க வைத்ததாக ஒரு பெண் சொன்னால் அதையும் எழுத வேண்டும். அந்த ஒரு பக்கத்தை மறைத்தால், சுரண்டலைப் பற்றி உண்மையாகவே எழுதிய மீதிப் பக்கங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த நஷ்டம் ஆய்வாளருடையது அல்ல, அந்தப் பெண்களுடையது.